இரண்டு விரல் கண்ணாடி

வண்டி ஓட்டுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. போலீஸ் கை காட்டினால் ஓரம் கட்டி, கண்ணாடியை முழுசாக இறக்கி, கேட்ட காகிதத்தைக் கொடுத்து, திருப்பி வாங்கிக்கொண்டு, கையில் வாங்கிவந்த ரொட்டிச் சூடு ஆறுவதற்குள் வீடு போய்ச் சேருகிறவர்கள் ஒரு ரகம். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒழுங்காக இருப்பவர்களைப் பற்றி யார் படிப்பார்கள்? நமக்கு வேண்டியது இன்னொரு ரகம். நடுரோட்டு வக்கீல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இவருக்குக் கறுப்புக் கோட்டு கிடையாது, கட்சிக்காரன் கிடையாது, நீதிபதியும் கிடையாது. ஒரு ஸ்டீயரிங்கும் ஒரு வாயும் இருந்தால் போதும், கோர்ட்டு கூடிவிடும்.

கொலம்பியாவின் மெதெயினில், மலைச்சரிவில் ஏணி சாத்தி வைத்த மாதிரி ஏறுகிற எங்கள் தெருவில், இந்த ரகத்துக்குத் தலைமகன் தோன் அர்னூபியோ. தோன் என்றால் எங்கள் ஊரில் ஐயா மாதிரி ஒரு மரியாதை. முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் போக்குவரத்துச் சட்டத்தில் அவரைத் தாண்ட ஆள் கிடையாது என்பது அவருடைய கருத்து. தெருவில் எல்லோரும் அவரை 'வக்கீலய்யா' என்று கூப்பிடுவார்கள். அது கிண்டல் என்று அவருக்கு மட்டும் இன்னும் தெரியாது.

அவரைப் போலீஸ் நிறுத்துகிற அழகைப் பார்க்க வேண்டும். தூரத்தில் சீருடையின் நிறம் தெரிந்த உடனேயே முதுகுத்தண்டு நிமிரும். கல்யாண வீட்டில் தன் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்ட மாதிரி முகத்தில் ஒரு களை வரும். வண்டியை ஓரம் கட்டுவார். ஆனால் முழுசாக ஓரம் கட்டமாட்டார், கொஞ்சம் ரோட்டிலும் இருக்கும், அது உரிமை. என்ஜினை அணைப்பார், ஹேண்ட் பிரேக்கை இழுப்பார், செல்போன் கேமராவைத் திறந்து முன்னால் சாய்த்து வைப்பார். அப்புறம் கதவுக் கைப்பிடியைப் பிடித்து, மருந்து அளக்கிற மாதிரி ஒன்றேகால் சுற்றுச் சுற்றி, கண்ணாடியைச் சரியாக இரண்டு விரல் அளவுக்கு இறக்குவார். காகிதம் நுழையலாம், கை நுழையக் கூடாது. இரண்டு விரல் இடைவெளி சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "அது அனுபவம்" என்பார்.

அந்த இடைவெளி வழியாக முதல் கேள்வி போகும்.

"எந்தக் காரணத்துக்காக நிறுத்தினீங்க?"

அடுத்தது, "உங்க சட்டை நம்பர் என்ன?"

மூன்றாவதாகக் கேள்வி வராது, புத்தகம் வரும். சிக்னலில் மிட்டாய் விற்கிறவனிடம் வாங்கிய சட்டப் புத்தகம். அட்டை எப்போதோ போய்விட்டது. பக்க அடையாளத்துக்கு உள்ளே பழைய லாட்டரிச் சீட்டுகள். அந்தச் சீட்டுகளும் ஒருநாள்கூட அடித்ததில்லை, அவை காட்டுகிற பக்கங்களும் ஒருநாள்கூடப் பலித்ததில்லை.

அவருடைய சித்தாந்தம் மொத்தமும் ஒரே வரிதான். அதை ரொட்டிக் கடை வாசலில் கறுப்புக் காப்பியோடு தினமும் ஒருவருக்காவது சொல்லிவிடுவார்.

"நம்பர் பிளேட்டு வெளியில தொங்குது. அது ஊருக்குப் பொது. போலீஸ் பாத்துக்கட்டும், எழுதிக்கட்டும், மெஷின்ல தட்டிக்கட்டும். ஆனா என்னை நிறுத்தணும்னா காரணம் வேணும். பாக்குற அதிகாரம் வேற, நிறுத்துற அதிகாரம் வேற."

"நிறுத்தாம எப்படி வக்கீலய்யா லைசென்சைப் பாப்பாங்க?" என்று ரொட்டிக் கடை ஹெலியோதோரோ ஒருமுறை கேட்டார்.

"அது அவங்க பிரச்சினை."

இப்படி நடந்த வாதங்கள் எத்தனை? அவர் எண்ணியதில்லை, அவர் மனைவி ரூபியேலா எண்ணியிருக்கிறாள். பூசைக்குக் கிளம்பினால் பூசை முடிந்து ஜனம் வெளியே வரும்போது போய்ச் சேர்வார்கள். கல்யாணத்துக்குக் கிளம்பினால் மிஞ்சின கேக்கு கிடைக்கும். ஒருமுறை வாங்கிய மீன், வாதத்தின் நடுவில் தானே சாட்சி சொல்ல ஆரம்பித்துவிட்டது. அந்த நாற்றத்தில்தான் போலீஸ்காரர் அவரைப் போகச் சொன்னார். அதை அவர் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

"எங்க வண்டி மணிக்கு அறுபது கிலோமீட்டர் போகும்," என்பாள் ரூபியேலா. "போலீசைக் கண்டா மணிக்கு ரெண்டு சட்டப் பிரிவு போகும்."

இன்னொரு உத்தியோகமும் அவருக்கு உண்டு. எங்கள் ஊரில் வாரத்தில் ஒருநாள் ஒவ்வொரு காரும் வீட்டிலேயே கிடக்க வேண்டும், நெரிசல் குறைய. எந்த நாள் என்பதை நம்பர் பிளேட்டின் கடைசி எண் சொல்லும். திங்கள் என்றால் ஆறும் ஒன்பதும், செவ்வாய் என்றால் ஐந்தும் ஏழும், இப்படி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பட்டியலையும் மாற்றிவிடுவார்கள். மனுஷன் எதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வான்? எங்கள் தெருவில் யாரும் வைத்துக்கொள்வதில்லை. வக்கீலய்யா இருக்கிறாரே. காலையில் ரொட்டிக் கடை வாசலில் நின்று, கோயில் மணி அடித்த மாதிரி அறிவித்துவிடுவார்: "இன்னைக்கு மூணும் எட்டும் வீட்ல இருங்க." மூன்றும் எட்டும் வீட்டில் இருக்கும். அவர் சொல் ஒருநாளும் தப்பியதில்லை.

ஒருநாள் தவிர. கதை அந்த நாளைப் பற்றியதுதான்.

அவருடைய ஒரே மகள் யாமிலேவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. மருமகன் கடலோர ஊரில் வேலைக்குப் போயிருந்தான். செய்தி கேட்டதும் அர்னூபியோ தலைகூடச் சீவாமல் வண்டியை எடுத்தார். அவர் கெட்ட நேரம், பாலத்துக்குக் கீழே ஒரு சோதனை. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற மனுஷன் அன்றைக்காவது விட்டிருக்கலாம் அல்லவா? விடவில்லை. ஒன்றேகால் மணி நேரம். அதற்குள் மருமகனின் அப்பா, காய்கறி மார்க்கெட் கில்தார்தோ, அதே பாலத்தடியில் அதே போலீசிடம் "காலை வணக்கம் தலைவரே" என்று சொல்லி, கேட்காத காகிதத்தையும் சேர்த்து நீட்டி, இரண்டு நிமிடத்தில் கிளம்பி, ஆஸ்பத்திரிக்குப் போய், பேத்தியைக் கையில் வாங்கிக் கொஞ்சிவிட்டார். நம்மவர் போய்ச் சேர்ந்தபோது பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது. மூடிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் துணிச்சுருளுக்குள் தெரிந்த ஒரு சிவப்பு மூக்கைப் பார்த்தார். அவ்வளவுதான் கிடைத்தது.

அன்றைக்கு மகள் ஒரு வாக்குக் கொடுத்தாள். "விடுங்கப்பா. வீட்டு வாசப்படிய நீங்கதான் அவளைத் தூக்கிட்டுத் தாண்டணும். அதுவரைக்கும் வேற யாரு கையிலயும் உள்ள போகமாட்டா."

இரண்டு நாளாக அவர் அந்த வாசற்படியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை கழுவினார்.

திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறோடு ஒட்டி வருகிற திங்கள் விடுமுறையை நாங்கள் பாலம் என்போம். பாலத்தன்று ஊர் தூங்கும், எந்த எண்ணுக்கும் தடை கிடையாது. மறுநாள் வாரம் தொடங்கியது. ரொட்டிக் கடை திறந்தது, லாரிகள் இரைந்தன, வக்கீலய்யா வாசலில் வந்து நின்றார். மனசு முழுக்கப் பேத்தி. வாரம் தொடங்கினால் வாய் என்ன சொல்லுமோ அதைச் சொன்னது.

"இன்னைக்கு ஆறும் ஒன்பதும் வீட்ல இருங்க."

ஆறும் ஒன்பதும் வீட்டில் இருந்தன. மற்றவர்கள் கிளம்பினார்கள். ஏழில் முடிகிற தன் பழைய பச்சைக் காரைத் துடைத்து, முன்னால் தொங்குகிற கார்மென் மாதா படத்தை முத்தமிட்டு, அவரும் கிளம்பினார்.

ஆஸ்பத்திரி வாசலில் ரூபியேலா மாதா படத்தைக் காட்டிச் சத்தியம் வாங்கினாள்.

"இன்னைக்கு யாரு நிறுத்தினாலும் வாயத் திறக்கக் கூடாது. அடுப்புல கோழி வெந்துட்டிருக்கு. பச்ச உடம்புக்காரி சூப்பு குடிக்கணும்."

"நான் ஏன் வாயத் திறக்கப் போறேன்?"

"தவளை ஏன் திறக்குது? அது மாதிரிதான்."

அவர் சத்தியம் செய்தார். மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்தார், மடியில் குழந்தை, பக்கத்தில் ரூபியேலா. கதவை இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார். இருபது கிலோமீட்டர் வேகத்தில், முட்டை வண்டி ஓட்டுகிற மாதிரி ஓட்டினார். பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. கண்ணாடியில் பேத்தியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். இன்னும் கையில் வாங்கவில்லை. வாங்கினால் வாசற்படியில்தான் என்று ஒரு வைராக்கியம்.

ஆற்றோரச் சாலையில் ஒரு போக்குவரத்துப் போலீஸ் பெண் கை காட்டினாள். இருபத்தைந்து வயதிருக்கும். சட்டையில் ஒஸ்பினா என்று பெயர்.

சத்தியம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அது நெஞ்சில் பத்திரமாக இருந்தது. ஆனால் முதுகு தானாக நிமிர்ந்தது. கை தானாகக் கேமராவைத் திறந்தது. கண்ணாடி இரண்டு விரல் இறங்கியது.

"வணக்கம் பெரியவரே," என்றாள் அவள். "ஒண்ணுமில்ல, உங்க..."

"எந்தக் காரணத்துக்காக நிறுத்தினீங்க?"

"அதத்தான் சொல்ல வர்றேன். வண்டிக்கு மேல..."

"வண்டிக்கு மேல உங்களுக்கு என்ன அதிகாரம்னு முதல்ல சொல்லுங்க. உங்க சட்டை நம்பர் என்ன?"

பின்சீட்டில் குழந்தை முனகியது. ரூபியேலா குனிந்து காலடியில் துழாவினாள். "பை எங்கடி? ஈரம் பண்ணிட்டா போல."

"அப்பாதான் வாங்கி வச்சாரு," என்றாள் யாமிலே.

"பெரியவரே, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"நீங்க சொல்லவேண்டியது ஒண்ணே ஒண்ணு, அம்மணி. பாக்குற அதிகாரம் வேற, நிறுத்துற அதிகாரம் வேற. தெரியுமா தெரியாதா?"

அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். பொறுமைசாலிதான், ஆனால் நடுரோடு, வெயில், பின்னால் பஸ்கள், எதிரே ஓடுகிற கேமரா. "ரெண்டும் உண்டுங்கய்யா. பிளேட்டப் பாக்கலாம், நிறுத்தலாம், காகிதம் கேக்கலாம். எல்லாம் சட்டத்துல இருக்கு. ஆனா நான் இப்ப எதையும் கேக்கலையே."

"ஏன் கேக்கல?"

இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு எந்த டிரைவராவது கேட்டிருப்பானா?

"கேளுங்க. எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு? இந்தக் கையால முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். மெஷின எடுங்க. பிளேட்டத் தட்டிப் பாருங்க."

"வேணாங்கய்யா."

"தட்டுங்க. நானே சொல்றேன். எல், ஏ, ஜே, இருநூத்தி நாப்பத்தி ஏழு. கேமராவுல பதிவாகுது. தட்டலேன்னா நான் மேல எழுதிப் போடுவேன்."

குழந்தை இப்போது முழுக்குரலில் அழ ஆரம்பித்தது. "அப்பா, போதும்பா," என்றாள் யாமிலே. "இந்தா, அந்தத் துண்டையாவது குடு," என்று ரூபியேலா யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஒஸ்பினா கையடக்க மெஷினை எடுத்துத் தட்டினாள். பார்த்தாள். ஒருமுறை பிளேட்டைப் பார்த்தாள், ஒருமுறை அவரைப் பார்த்தாள். முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது.

"ஐயா, இன்னைக்கு உங்க வண்டி எடுக்கக் கூடாத நாளு."

அர்னூபியோ சிரித்தார். வருஷக்கணக்கில் காத்திருந்த சிரிப்பு அது. "அம்மணி, வாரம் இன்னைக்குத்தான் தொடங்குது. ஆறும் ஒன்பதும். என் வண்டி ஏழு."

"வாரம் இன்னைக்குத் தொடங்குச்சுதான். நேத்து பாலம். ஆனா நேத்துதான் திங்கக்கிழமை. இன்னைக்கு செவ்வாய்."

அவர் விரல் மடக்கினார். ஞாயிறு, மகள். திங்கள், வாசற்படி. மடக்கிய விரலைப் பார்த்தார். லாட்டரிச் சீட்டு வைத்த எந்தப் பக்கத்திலும் செவ்வாய்க்கிழமையைத் திங்களாக்கும் பிரிவு இல்லை.

"பச்சக் குழந்தை இருக்கு தாயி," என்றாள் ரூபியேலா. "இந்த ஒரு தடவ விட்டுரு."

"நான் விட்டிருப்பேம்மா. பிளேட்டத் தட்டவே நான் நினைக்கல. தட்டினதும் மெஷின்ல ஏறிடுச்சு." கண்ணாடி இடுக்கு வழியாகச் செல்போனைக் காட்டினாள். "அதுவும் ஓடிட்டே இருக்கு. நான் விட்டா, சட்டத்த மீறி விட்டேன்னு ஐயா கிட்டயே சாட்சி இருக்கு."

யாமிலே தன் பக்கத்துக் கண்ணாடியை முழுசாக இறக்கினாள். "மேடம், நீங்க முதல்ல எதுக்குத்தான் கை காட்டினீங்க?"

ஒஸ்பினா எட்டி, காரின் கூரை மேலிருந்து பூப்போட்ட மஞ்சள் பை ஒன்றை எடுத்து உள்ளே நீட்டினாள். குழந்தையின் துணி, துண்டு, எல்லாம் அதில்தான்.

"கூரை மேல வச்சு மறந்துட்டீங்க. வளைவுல விழுந்திடுமேன்னு கை காட்டினேன்."

ரூபியேலா பையை வாங்கினாள். துண்டை எடுத்துக் குழந்தையைத் துடைத்தாள்.

அப்புறம் நடந்தது நீங்கள் நினைக்கிறபடிதான். எடுக்கக் கூடாத நாளில் எடுத்த வண்டியைக் கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். யாமிலே மாமனாருக்குப் போன் போட்டாள். கில்தார்தோ தன் சிவப்புக் காரில், இரண்டில் முடிகிற காரில், பத்து நிமிடத்தில் வந்தார். வந்ததும் ஒஸ்பினாவிடம், "வணக்கம் தலைவி, வெயிலு ஜாஸ்தி, ஒரு ஆரஞ்சு எடுத்துக்கங்க," என்றார். பெண்கள் இருவரும் குழந்தையும் ஏறிக்கொண்டார்கள்.

"நீங்களும் வாங்க சம்பந்தி," என்றார்.

"வண்டிய இழுத்துட்டுப் போறப்ப நான் கூட இருக்கணும். என் வண்டி," என்றார் அர்னூபியோ. சிவப்புக் கார் வளைவில் திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். குழந்தையின் அழுகை நின்றிருந்தது. அதுகூட அவருக்கு ஒரு தீர்ப்பு மாதிரி இருந்தது.

இழுவை வண்டி அவரையும் பச்சைக் காரையும் போலீஸ் கிடங்குக்குக் கொண்டுபோனது. அங்கே வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். மாவு படிந்த சட்டை. ரொட்டிக் கடை ஹெலியோதோரோ. வண்டி எண் ஐந்தில் முடிகிறது.

"வக்கீலய்யா," என்றார் அவர், கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையில். "இன்னைக்கு ஆறும் ஒன்பதும்தானே? இவங்க என்னமோ வேற சொல்றாங்க. கொஞ்சம் சட்டத்த எடுத்துச் சொல்லுங்களேன்."

வரிசையே திரும்பி அவரைப் பார்த்தது. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்பவர்கள் இருந்தும் வாதம் நடக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை," என்றார். அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு, மலைப்படிகளில் மூச்சு வாங்க ஏறி, தெருவுக்கு வந்தார். கோழி சூப்பு முடிந்து எலும்பாகியிருக்கும், பேத்தி உள்ளே போய்த் தூங்கியிருப்பாள், கழுவின வாசற்படியில் கில்தார்தோவின் செருப்புத் தடம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மனசைத் தயார் செய்துகொண்டுதான் வந்தார்.

யாமிலே உள்ளே சூப்பு குடித்துப் படுத்திருந்தாள். குழந்தை உள்ளே போகவில்லை. பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்து நிழலில், ஒரு நாற்காலியில், மடியில் துணிச்சுருளோடு கில்தார்தோ உட்கார்ந்திருந்தார். தாயிடம் பால் குடிக்க நேரம் வந்தபோதெல்லாம் யாமிலேயே அந்தத் தாழ்வாரத்துக்கு வந்து போனாளாம். இரண்டு மணி நேரமாகப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் ஏன் வெளியே என்று கேட்க, கில்தார்தோ எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாராம்: "அனுமதி உள்ள ஆளு வரணும்."

அவர் எழுந்து வந்து குழந்தையை அர்னூபியோவின் கையில் வைத்தார். அவ்வளவு சின்னது, அவ்வளவு சூடு. வாசற்படிக்கு அவர் காலைத் தூக்கியபோது கில்தார்தோ முந்திக்கொண்டு போய்க் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"நில்லுங்க பெரியவரே. எந்தக் காரணத்துக்காக உள்ள போறீங்க?"

தெரு சிரித்தது. ஜன்னலில் ரூபியேலா வந்து நின்றாள். எல்லோரும் சட்டப் பிரிவின் எண்ணுக்காகக் காத்திருந்தார்கள். அர்னூபியோ கையிலிருந்த துணிச்சுருளைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார்.

"காரணம் சரியா இருக்கு," என்று கில்தார்தோ கையை எடுத்தார்.

உள்ளே கட்டிலில் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டுக் கையை எடுக்கப் போனவரால் எடுக்க முடியவில்லை. அந்தப் பிஞ்சுக்கை அவருடைய இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது. பிளேட்டைப் பார்க்கவில்லை, காகிதம் கேட்கவில்லை, காரணம் சொல்லவில்லை, சட்டை நம்பர் கிடையாது, சட்டையே கிடையாது. நிறுத்தி வைத்துவிட்டாள். முதுகு வளைந்து, குனிந்த வாக்கில், முக்கால் மணி நேரம் நின்றார். எலும்பு மிஞ்சிய சூப்பை ரூபியேலா கரண்டியால் ஊட்டிவிட்டாள். எந்த அதிகாரத்தில் என்று அவர் கேட்கவே இல்லை.

திருந்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். போன வாரம்கூட ஒரு போலீஸ்காரரிடம் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினாராம். ஆனால் முதல் கேள்வி மாறியிருக்கிறது. "கூரை மேல ஏதாவது இருக்கா தம்பி?" என்று கேட்டாராம்.

சரி, நீங்கள்? இவ்வளவு தூரம் படித்து வந்தீர்களே, ஒஸ்பினா பையைப் பற்றி முதலிலேயே சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று நடுவில் ஒரு இடத்தில் உங்களுக்குத் தோன்றியதா? மெஷினில் தட்டினாலும் எச்சரித்து விடலாம் என்று ஒரு விதி இருக்கிறதே என்று வாய் துறுதுறுத்ததா? அப்படியானால் ஒரு யோசனை. நாளைக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால், வீட்டில் யாரிடமாவது இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் சொல்கிறவர் ஒரு மாதிரிச் சிரித்தால், ஏன் என்று வாதாடாதீர்கள்.